லிஃப்டில் சொன்னாங்க

“இந்த லிஃப்டுல ஏறின ஒரு ஆளும் பதில் வாங்காம இறங்கினதில்ல. இருபத்தெட்டு வருஷம். வேணும்னா விசாரிச்சுப் பாருங்க.”

ஆஸ்பத்திரியின் பழைய லிஃப்டைக் கழற்றிவிட்டுத் தானாக ஓடும் புது லிஃப்டை மாட்டிய அன்று, அதன் வாசலில் நின்றுகொண்டு மாடி வைத்தியர் இவ்வாறு அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் லிஃப்டை மாட்ட வந்த மெக்கானிக்குகள். மூன்றாமவர் தரை துடைக்கும் அம்மாள். துடைக்க வேண்டிய இடத்தில் பேச்சாளர் நின்றுகொண்டிருந்ததால், எப்போது நகர்வார் என்று அவர் காத்திருந்தார். விசாரித்துப் பார்க்க மூவரில் ஒருவரும் கிளம்பவில்லை.

மாடி வைத்தியர் என்பது ஊர் கொடுத்த பட்டம். சம்பளப் பட்டியலில் அவர் லிஃப்ட் ஆபரேட்டர். ஒரு முக்காலி, ஒரு பித்தளைக் கைப்பிடி, ஐந்து பொத்தான்கள், இவ்வளவுதான் அவருடைய மருத்துவமனை. நாடி பிடிப்பது, நாக்கை நீட்டச் சொல்வது போன்ற பழைய முறைகளை அவர் கையாண்டதில்லை. அவருடைய பரிசோதனை ஒரே கேள்வியில் முடிந்துவிடும். “எத்தனாவது மாடி?”

“ஒண்ணு” என்றால் பல். “ரெண்டு” என்றால் எலும்பு. “நாலு” கண். “அஞ்சு” என்றால் கத்தி வைக்கப் போகிறார்கள். “மூணு” மட்டும் கொஞ்சம் சிக்கல், அங்கே சர்க்கரையும் தைராய்டும் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தன. அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். வந்தவர் பையில் பிஸ்கட் பாக்கெட் தெரிந்தால் சர்க்கரை, இல்லாவிட்டால் தைராய்டு. பொத்தானை அழுத்துவதற்குள் நோயைக் கண்டுபிடித்துவிடும் இந்த வித்தை எந்த மருத்துவக் கல்லூரியின் பாடத்திட்டத்திலும் இன்றுவரை சேர்க்கப்படவில்லை.

கண்டுபிடித்ததும் வைத்தியம். அதன் அளவு மாடியைப் பொறுத்தது. ஒரு மாடி ஏற எட்டு விநாடி. முதல் மாடிக்காரர்களுக்கு “தண்ணி நிறையக் குடிங்க” என்பதற்குமேல் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை, அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை உண்டு. ஐந்தாவது மாடிக்கு நாற்பது விநாடி கிடைக்கும். எதைச் சாப்பிடலாம், எந்தப் பக்கமாகப் படுக்கலாம், டாக்டர் சொல்வதில் எதை நம்பலாம், எதைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று ஒரு முழுப் பொட்டலமே கட்டிக் கொடுத்துவிடுவார். மின்சாரம் போய் லிஃப்ட் நடுவில் நின்ற நாட்களில் சிலருக்கு அடுத்த பத்து வருடத்துக்கான ஆலோசனையும் சேர்த்துக் கிடைத்திருக்கிறது.

இத்தனை அறிவு எங்கிருந்து வந்தது? டாக்டர்களிடமிருந்துதான். டாக்டர்களும் அதே லிஃப்டில்தான் போனார்கள், பேசிக்கொண்டே போனார்கள். மாடி வைத்தியர் பொத்தான்களைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். ஆனால் டாக்டர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். தங்கள் மாடி வந்ததும் பேச்சை முடிக்காமல் இறங்கிவிடுவார்கள். வாக்கியத்தின் முதல் பாதி லிஃப்டுக்குள், மறுபாதி வராந்தாவில். அந்த வகையில் மாடி வைத்தியர் இருபத்தெட்டு வருடமாகக் கரைத்துக் குடித்த மருத்துவ சாஸ்திரம் முழுவதும் முதல் பாதிகளால் ஆனது. மறுபாதிகள் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

வீட்டில் அவருக்கு ஒரே ஒரு நிரந்தர நோயாளி, அவர் மனைவி. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் ஜெராக்ஸ் கடை அந்த அம்மாளுடையது. நாள் முழுக்க ஊரார் ரிப்போர்ட்டுகளை நகல் எடுப்பவர். எழுத்து தலைகீழாக இருந்தாலும் படித்துவிடுவார். ஒரிஜினலில் பேனா படக் கூடாது என்பது அவருடைய தொழில் வேதம். பால் கணக்கு எழுதுவதென்றாலும் நகல் எடுத்த தாளில்தான் எழுதுவார். கடை மெஷினுக்கு ஒரு நோய் இருந்தது, எந்தத் தாளைக் கொடுத்தாலும் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு போட்டுத்தான் திருப்பிக் கொடுக்கும். மூன்று மெக்கானிக்குகள் பார்த்தும் அது தீரவில்லை.

அம்மாளுக்கும் ஒரு நோய் இருந்தது, தைராய்டு. இரண்டு வருடம் முன்னால் எலும்புக்கென்று கால்சியம் மாத்திரையும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் எப்படிப் போடுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, மாடி வைத்தியர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“ரெண்டையும் காலையில பாலோட ஒண்ணா முழுங்கிடு. வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒரே இடம்தானே. மூணாவது மாடி டாக்டரே லிஃப்டுல சொன்னார், நான் என் காதால கேட்டேன்.”

கேட்டதும் உண்மைதான். தைராய்டு டாக்டர் கூட வந்த இளைய டாக்டரிடம், “எல்லா மாத்திரையையும் காலையில ஒண்ணா முழுங்கிட்டா வேலை முடிஞ்சுது, ஞாபகம் வச்சுக்கவும் சுலபம்” என்றுதான் சொன்னார். அதற்குள் மூன்றாவது மாடி வந்துவிட்டது.

அன்றிலிருந்து அம்மாள் ஒருநாள் தவறாமல் பாலோடு இரண்டையும் விழுங்கினார். ஒருநாள் தவறாமல் சோர்ந்தும் போனார். ராத்திரி ஏழு மணிக்கே கண் சொருகிவிடும். கடையில் பக்கங்களை எண்ணும்போது பன்னிரண்டுக்குப் பிறகு என்ன எண் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. மூன்று தடவை ரத்தம் பார்த்தார்கள், மூன்று தடவையும் டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். “மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?” என்று அவர் கேட்பார். “ஒருநாள்கூட விடல டாக்டர்” என்று இவர் சொல்வார். எதோடு சேர்த்துப் போடுகிறீர்கள் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

“வயசாகுதில்ல” என்று மாடி வைத்தியர் ஆறுதல் சொல்வார். அம்மாள் அவரை ஒரு பார்வை பார்ப்பார். ஆனால் அதற்குமேல் பேசச் சோர்வு விடாது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் லிஃப்ட் தானாக ஓட ஆரம்பித்தது. பணி ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்ததால், மாடி வைத்தியரை எங்கே உட்கார வைப்பது என்று நிர்வாகம் தலையைச் சொறிந்தது. கடைசியில், தரைத்தளத்தில் படிக்கட்டை ஒட்டி, உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்து புதிதாக ஒன்று திறந்தார்கள். வாசலில் ‘நோயாளர் நூலகம்’ என்று பலகை. உள்ளே இரண்டு அலமாரி, துண்டுப் பிரசுரங்கள் அடுக்கிய ஒரு தாங்கி, நான்கு நாற்காலி, ஒரு மேஜை, மேஜைமேல் கேள்விச் சீட்டுகள் போட ஒரு பெட்டி. நூலகராக வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு அம்மையார். உதவியாளராக மாடி வைத்தியர்.

முதல் நாளே அம்மையார் கேட்டார். “இதுக்கு முன்னாடி எந்தப் பிரிவுல இருந்தீங்க?”

உள்ளதைச் சொல்வது மரியாதையாக இருக்கும் என்று மாடி வைத்தியருக்குத் தோன்றவில்லை. “நோயாளர் போக்குவரத்து மேடம்” என்றார். அம்மையார் ஆம்புலன்ஸ் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இவரும் திருத்தவில்லை.

நூலகத்தின் விதிகளை அவர் நம்ப முடியாமல் கேட்டார். யாருக்கும் யோசனை சொல்லக் கூடாதாம். நோயாளி தன் கேள்வியைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டு டோக்கன் வாங்கிக்கொள்வார். சீட்டில் பெயர் இருக்காது. நூலகத்தார் அந்தக் கேள்விக்குப் பொருத்தமாக மூன்று இடத்திலிருந்து பக்கங்களைத் தேடி எடுத்து உறையில் போட்டுத் தர வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கோ கண் மங்கியவருக்கோ, கேட்டால் படித்துக் காட்ட வேண்டும். படித்து முடித்ததும், “இதை உங்க டாக்டர்கிட்ட காட்டிக் கேட்டுட்டு, அப்புறம் எதையும் மாத்துங்க” என்று ஒரே ஒரு வரி. அவ்வளவுதான்.

“மேடம், நாம சொல்லிட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும்.”

“நாம யாரு சொல்றதுக்கு?” என்றார் அம்மையார். இந்தக் கேள்வியை இருபத்தெட்டு வருடத்தில் எவரும் அவரிடம் கேட்டதில்லை.

ஒவ்வொரு பிரசுரத்தையும் தாங்கியில் வைக்குமுன் அம்மையார் மூன்று கேள்வி கேட்பார். யார் எழுதினது? எப்போ எழுதினது? எழுதினவங்க எதையாவது விக்கிறாங்களா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் கோணலாக இருந்தாலும் பிரசுரம் குப்பைக்கூடைக்குப் போய்விடும். முதல் வாரத்திலேயே, வழவழப்பான தாளில் சிரித்த முகங்களோடு வந்திருந்த இரண்டு கட்டுகளை அம்மையார் இரக்கமில்லாமல் தள்ளிவிட்டார். முட்டிவலிக்கு எண்ணெய் விற்கிற கம்பெனி முட்டிவலியைப் பற்றி எழுதியிருந்ததாம்.

“அவங்களுக்குத்தானே மேடம் முட்டியைப் பத்தி நல்லாத் தெரியும்.”

“அவங்களுக்கு எண்ணெயைப் பத்தி நல்லாத் தெரியும்” என்றார் அம்மையார்.

மாடி வைத்தியர் வாயை மூடிக்கொண்டார். யாராவது நோயாளி வந்து நின்றால் அவர் கண் தானாக வந்தவருடைய பையைத் துழாவும், பிஸ்கட் பாக்கெட் தெரியும், தொண்டைவரை வைத்தியம் வந்துவிடும். அம்மையார் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். வந்த வைத்தியம் விழுங்கப்படும். அந்த மாதம் அவருக்கு அஜீரணம் இருந்தது.

கேள்விச் சீட்டின் அடியில் ஒரு கட்டம் உண்டு. ‘இதைப் பற்றி இதற்குமுன் எங்கே கேள்விப்பட்டீர்கள்?’ ஊரில் தப்பான தகவல் எந்த வாசல் வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க அம்மையார் தானே யோசித்துச் சேர்த்த கட்டம். மாதக் கடைசியில் அவர் சீட்டுகளை எல்லாம் பரப்பிவைத்துக்கொண்டு நோட்டில் கோடு கிழித்து எண்ணினார். எண்ணி முடித்ததும் பேனாவை மூடாமலே உட்கார்ந்திருந்தார்.

“இங்க வாங்களேன். செல்போன்ல பார்த்தது முப்பத்தொண்ணு. சொந்தக்காரங்க சொன்னது இருபத்தஞ்சு. அது எங்கேயும் இருக்கிறதுதான். இது என்ன, லிஃப்டுன்னு முப்பத்தெட்டு?”

மாடி வைத்தியர் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

“பாருங்க. ‘கண்ணுல சொட்டு மருந்து விட்டா அரை மணி நேரம் நடக்கக் கூடாதாமே, லிஃப்டில் சொன்னாங்க.’ ‘சர்க்கரை இருந்தா பழத்தைத் தோலோட சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாதாமே, லிஃப்டில்.’ ‘ஆபரேஷனுக்கு முன்னாடி வலது பக்கமா படுக்கணுமா, லிஃப்டில்.’ வேற வேற கையெழுத்து. என்னங்க இது? லிஃப்டுக்குள்ள யாராவது நோட்டீஸ் ஒட்டியிருக்காங்களா?”

“தெரியலயே மேடம்” என்றார். ‘தெரியல’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. ஆனால் அது பொய்யாக இருந்ததால் கணக்கில் சேராது.

“நீங்க போய் ஒரு தடவை சோதிச்சுப் பார்த்து எனக்கு எழுதிக் கொடுங்க.”

உத்தரவு என்றால் உத்தரவு. மாடி வைத்தியர் புது லிஃப்டில் ஐந்து மாடியும் ஏறினார், ஐந்து மாடியும் இறங்கினார். நான்கு சுவரையும் தடவிப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த ஆளை மட்டும் பார்க்கவில்லை. திரும்பி வந்து, நல்ல கையெழுத்தில், தேதி போட்டு எழுதிக் கொடுத்தார்: ‘லிஃப்டைச் சோதித்தேன். தற்சமயம் அதில் தவறான தகவல் எதுவும் இல்லை.’

அம்மையார் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார்.

அடுத்த வாரம், மாடி வைத்தியர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பெட்டியைத் திறந்தபோது, மேலாக ஒரு சீட்டு கிடந்தது. மற்றச் சீட்டுகள் அச்சடித்தவை. இது நகல். வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு.

சீட்டை எடுத்துப் போய் நகல் எடுத்து, நகலில் எழுதிக் கொண்டுவந்து போடுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான்.

‘தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் பாலோடு சேர்த்து ஒரே நேரத்தில் போடலாமா? இரண்டு வருடமாகப் போடுகிறேன். மூன்று முறை அளவு கூட்டியாயிற்று. சோர்வு போகவில்லை. வயது காரணம் என்கிறார்கள். எனக்கு வயது நாற்பத்தொன்பது.’

அடிக் கட்டத்தில்: ‘லிஃப்ட்காரர். வீட்டில்.’

முதல் வேலையாக அவர் சீட்டைச் சட்டைப் பைக்குள் சொருகினார். அது பைக்குள் இருந்தபடியே அவரை உறுத்தியது. அம்மையார் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சரி, பதில் கொடுத்துவிடுவோம், மூன்று பக்கம்தானே, நாம் சொன்னது சரி என்று போட்டிருக்கிற மூன்று பக்கத்தைத் தேடி எடுத்தால் கதை முடிந்தது என்று மாடி வைத்தியர் அலமாரியைத் திறந்தார்.

ஆஸ்பத்திரியின் சொந்தப் பிரசுரத்தை எடுத்தார். ‘தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போடவும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.’ அவர் அதை மூடி வைத்தார். இது நம் ஆஸ்பத்திரி அடித்தது, அவசரத்தில் அடித்திருப்பார்கள். மருந்தாளுநர்களுக்கான கையேட்டை எடுத்தார், அதிலும் நான்கு மணி நேரம். தடிமனான மருத்துவப் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி வைத்துப் புரட்டினார், அதில் பால், காப்பிகூட வேண்டாம் என்று கூடுதலாக ஒரு அடி. சேர்த்து விழுங்கினால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது என்று காரணம் வேறு எழுதியிருந்தது. நான்காவதாக ஒன்றைப் பார்த்தார், ஐந்தாவதாக ஒன்றையும் பார்த்தார். யார் எழுதினது, எப்போ எழுதினது, எதையாவது விக்கிறாங்களா என்று ஒவ்வொன்றையும் குறுக்கு விசாரணை செய்தார். எல்லாம் யோக்கியமான புத்தகங்களாக இருந்து தொலைத்தன.

கடைசியில் அதே மூன்று கேள்வியும் அவர் பக்கம் திரும்பியது. யார் சொன்னது? முக்காலியில் உட்கார்ந்திருந்தவர். எப்போ சொன்னது? கதவு மூடுவதற்குள். எதையாவது விக்கிறாரா? அதற்கு அவர் பதில் யோசிக்கவில்லை. ராத்திரி ஏழு மணிக்கு, தொலைக்காட்சி பேசிக்கொண்டிருக்க, சோபாவில் வாயைத் திறந்தபடி தூங்கும் ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த முகத்தை அவர் இரண்டு வருடமாகப் பார்த்து, வயசாகுதில்ல என்று தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கிறார்.

சீட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். மூன்று பக்கமும் உறைக்குள் போயின.

நாலு மணிக்கு டோக்கன் பதினேழு வந்தது. கையில் கடைச் சாவி, தோளில் பை. மாடி வைத்தியரைப் பார்த்து, முன்பின் பார்த்திராதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“டோக்கன் நம்பர்?” என்றார் மாடி வைத்தியர். குரல் கொஞ்சம் மேலே போயிருந்தது.

“பதினேழு சார்.”

“இந்தாங்கம்மா. மூணு பக்கம் இருக்கு. வீட்டுல போய் நிதானமா படிச்சுக்கலாம்.”

“வீட்டுல விளக்கம் சொல்ற ஆள் ஜாஸ்தி சார். இங்கேயே படிச்சுக் காட்டுங்க.”

“உங்களுக்குப் படிக்கத் தெரியும்னு நினைக்கிறேன்.”

“கண்ணு மங்குது சார். வயசாகுதில்ல.”

ஜன்னலோரமிருந்து அம்மையாரின் குரல் வந்தது. “கேட்டா படிச்சுக் காட்டணும். விதி அஞ்சு.”

மாடி வைத்தியர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். வெறும் வயிறு என்ற இடத்தை வேகமாகவும், நான்கு மணி நேரம் என்ற இடத்தை அதைவிட வேகமாகவும் கடந்தார்.

“சார், அந்தக் கால்சியம் வரியை இன்னொரு தடவை.”

படித்தார்.

“கொஞ்சம் சத்தமா.”

படித்தார். வாசலில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

“இதை உங்க டாக்டர்கிட்ட காட்டிக் கேட்டுட்டு, அப்புறம் எதையும் மாத்துங்க” என்று முடித்தபோது அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

“அவங்களுக்குப் புரிஞ்சுதான்னு கேளுங்க” என்றார் அம்மையார்.

“எனக்குப் புரிஞ்சுது மேடம்” என்றார் டோக்கன் பதினேழு, எழுந்துகொண்டே. “படிச்சவருக்குப் புரிஞ்சுதான்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டுடுங்க.” உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி, “வரும்போது பால் வாங்கிட்டு வந்துடுங்க. சாயங்காலம் குடிச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாடி வைத்தியர் நோட்டை இழுத்து, ‘லிஃப்ட்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு கோடு கிழித்தார். பேனாவை வைத்தார்.

“மேடம். அந்த லிஃப்டு நான்தான்.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ரிப்போர்ட்ல ‘தற்சமயம்’னு எழுதியிருந்தீங்களே, அப்பவே நினைச்சேன்” என்றார். “நாற்காலியை இப்படிப் போடுங்க. அந்த முப்பத்தெட்டு சீட்டுக்கும் உறை ஒழுங்காப் போயிருக்கான்னு ஒரு தடவை சரிபார்த்துடலாம்.”

இரண்டு நாளில் கணவனும் மனைவியுமாக மூன்றாவது மாடிக்குப் போனார்கள். டாக்டர் உறையிலிருந்த பக்கங்களைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார்.

“ரெண்டு வருஷமா சேர்த்தா போடுறீங்க? முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீங்க கேக்கல டாக்டர்.”

“ம். கேட்டிருக்கணும்” என்று ஒப்புக்கொண்டு, டாக்டர் பேனாவைத் திறந்தார். “இப்படித்தான். எல்லா மாத்திரையையும் காலையில ஒண்ணா முழுங்கிட்டா வேலை முடிஞ்சுது, ஞாபகம் வச்சுக்கவும் சுலபம்னு நினைச்சுக்கிட்டு வர்றாங்க. அவங்களைத் திருத்துறதுதான் பெரும்பாடு. பத்து வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். லிஃப்டுல போகும்போதுகூடச் சொல்லியிருக்கேன்.”

மாடி வைத்தியருக்கு மறுபாதி வந்து சேர்ந்தது. மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

“யாரும்மா உங்களுக்குச் சேர்த்துப் போடச் சொன்னது?”

அம்மாள் கைப்பையின் ஜிப்பை மூடினார். “தெரிஞ்சவங்கதான் டாக்டர். பாதி தெரிஞ்சவங்க.”

தைராய்டு மாத்திரை காலையில் தண்ணீரோடு, கால்சியம் மத்தியானம் சாப்பாட்டோடு, ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்த ஆறு வாரமும் வீட்டில் மாத்திரை போடும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மாடி வைத்தியர் ஏற்றுக்கொண்டார். யோசனை எதுவும் சொல்லவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தார். மூன்றாவது வாரம் ஒருநாள் ராத்திரி எட்டரைக்கு, தொலைக்காட்சித் தொடரில் வில்லியின் சதி அம்பலமாகும் இடத்தில், பக்கத்திலிருந்து குறட்டை வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தார். அம்மாள் முழித்திருந்தார். “முன்னாடி பாருங்க” என்றார்.

ஆறு வாரம் முடிந்து ரிப்போர்ட் வந்தது. டாக்டர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார், கூட்டியிருந்த அளவைக் குறைத்து எழுதினார். அம்மாள் ரிப்போர்ட்டை வாங்கி, நகல் எடுக்காமல் ஒரிஜினலையே கைப்பைக்குள் வைத்தார். இதிலிருந்து அவர் மனநிலையைப் புரிந்துகொள்ளலாம்.

இறங்கும்போது லிஃப்டில் அவர்களோடு இன்னொருவரும் ஏறினார். கையில் மருந்துச் சீட்டு, பையில் பிஸ்கட் பாக்கெட். கதவு மூடியதும் அவர் மாடி வைத்தியரை உற்றுப் பார்த்தார்.

“அண்ணே, நீங்கதானே முன்னாடி இங்க இருந்தீங்க? நல்லவேளை பார்த்தேன். இந்தப் புது மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா? டாக்டர் சொன்னாரு, மறந்துட்டேன்.”

அம்மாள் கண்கள் சிவப்பு எண்களின்மேல் இருந்தன. மூன்று.

மாடி வைத்தியர் வாயைத் திறந்தார். இருபத்தெட்டு வருடத்து வைத்தியம் தொண்டைக்கு வந்து நின்றது.

“எனக்குத் தெரியாதுங்க” என்றார்.

“உங்களுக்கா?”

“எனக்குத்தான். கீழ படிக்கட்டு பக்கத்துல ஒரு ரூம் இருக்கு. சீட்டு எழுதிக் கொடுங்க, தேடி எடுத்துத் தருவோம். அதையும் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிக்குங்க.”

அந்த ஆள், இவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்பதுபோல அம்மாளைப் பார்த்தார். இரண்டு. இன்னும் பதினாறு விநாடி மீதி இருந்தது. அவ்வளவு நேரம் பேசாமல் லிஃப்டில் நின்று மாடி வைத்தியருக்குப் பழக்கமில்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூன்று பேருமாக எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்று.

கதவு திறந்தது. அந்த ஆள் பதில் வாங்காமல் இறங்கினார்.